திரைக்குள் ஒரு கடைத்தெரு

பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தில் தாய்மொழி முதன்முதலில் எங்கே தளர்கின்றது? எழுத்தில் என்று பலரும் கூறுவர். திருவனந்தபுரத்து நம் குடும்பங்களைப் பல்லாண்டுகளாக உடனிருந்து காணும் நாம் அதனை ஒப்புவதற்கில்லை. எழுத்து மறைவது பின்னர்தான். முதலில் மறைவது மறுமொழி. ஆச்சி தமிழில் கேட்கின்றாள். பேத்தி மலையாளத்தில் விடை சொல்கின்றாள். கேள்வியும் விளங்கிற்று, விடையும் விளங்கிற்று. ஆகவே வீட்டில் எவரும் அதனைக் குறையாகக் கருதுவதில்லை. "சொன்னால் புரிந்துகொள்கின்றாளே, அது போதாதா?" என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். சில ஆண்டுகள் சென்றபின் ஆச்சி அம்பாசமுத்திரத்திற்கோ தென்காசிக்கோ திரும்பிவிடுகின்றாள். அங்கிருந்து தொலைபேசியில் அழைக்கின்றாள். "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்கின்றாள். "ம்" என்று விடை வருகின்றது. "பள்ளிக்கூடம் போனியா?" மீண்டும் "ம்". மூன்றாவது கேள்விக்குள் தொலைபேசி தாயின் கைக்கு மாறிவிடுகின்றது.

அந்த 'ம்' என்னும் ஒலியைத் தாண்டிக் குழந்தைகளை அழைத்துச் செல்வதற்காக நம் ஞாயிறு வகுப்பில் செய்துபார்த்த ஒரு முயற்சியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தமிழ் இந்நகருக்குப் புதிதாக வந்த மொழியன்று என்பதை நம் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் அவ்வூரார்க்கெல்லாம் திருவனந்தபுரமே தலைநகர். எல்லை மாறிற்று, ஆயினும் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கும் பாத்திரமும் விற்போர், கோட்டைக்குள் வாழ்வோர், அரசு அலுவல் பார்ப்போர், தெருமுனையில் துணி தேய்ப்போர், அண்மைக் காலத்தில் டெக்னோபார்க்கிற்கு வேலைக்கு வந்தோர் என நம்மவர் இங்கே தங்கியும் வந்தும் கொண்டேயிருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரளம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாக உடையோர் 5 இலட்சத்திற்குச் சற்று மேல். அவர்தம் பிள்ளைகளிற் பலர் ஆங்கில வழியில் பயில்கின்றனர், மலையாளத்தில் விளையாடுகின்றனர், தேர்வுக்காக இந்தியும் படிக்கின்றனர். தமிழுக்கு எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மட்டுமே. அதிலும் திருமணம், பிறந்தநாள், தேர்வு, மழை ஆகியவற்றிற்குப் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாம் அறிவோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த ஒரு முற்பகலும் போயிற்று. அவ்வாண்டு சூன் முதல் நாளன்று கேரளக் கல்வித் துறையின் 'கைட்' நிறுவனம் 'விக்டர்ஸ்' தொலைக்காட்சி வாயிலாக 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. இத்தொலைக்காட்சிப் பணி நம் நகருக்கு உரியது. கல்விக்கென்றே 2004-இல் விண்ணிற்கு ஏவப்பெற்ற எடுசாட் செயற்கைக்கோளை நம்பிப் பிறந்த அதனை, 2005-இல் அந்நாளைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இந்நகரில்தான் தொடங்கிவைத்தார். பதினைந்து ஆண்டுகளாகப் பலர் கவனியாதிருந்த அப்பணி, ஒரே நாளில் கேரளத்தின் பள்ளிக்கூடமாயிற்று. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் பாலக்காட்டிலிருந்து தனியே ஒளிப்பதிவாகி யூடியூபில் வெளிவந்தன.

அத்தொடரின் தொடக்கத்தில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சாய் சுவேதா என்னும் கோழிக்கோட்டுப் பகுதி ஆசிரியையைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். தங்கு என்றும் மிட்டு என்றும் பெயருடைய இரண்டு பூனைகளின் கதையைக் கண்ணாலும் கையாலும் குரலாலும் அவர் நடித்துக் காட்டினார். எதிரே ஒரு குழந்தையும் இல்லை. படப்பிடிப்புக் கருவி மட்டுமே இருந்தது. ஆயினும் எதிரே நாற்பது குழந்தைகள் இருப்பதுபோல் கேட்டார், வியந்தார், காத்திருந்தார். ஏளனம் செய்தோரும் சிலர் இருந்தனர். ஆனால் அந்த ஏளனத்தைக் கேரளம் பொறுக்கவில்லை. நம் வீட்டுத் தமிழ்க் குழந்தைகளும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அப்பூனைகளுக்கு மலையாளத்தில் மறுமொழி கூறியதை நாம் கண்டோம். பூனைக்கு மறுமொழி கூறும் வாய், ஆச்சிக்கு மட்டும் 'ம்' என்று அடைத்துக்கொள்வது ஏன் என்னும் கேள்வி அன்றுதான் நம் உள்ளத்தில் எழுந்தது.

அதே நாள் கேரளத்திற்குத் துயர நாளாகவும் அமைந்தது. மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உயிரைப் போக்கிக்கொண்டாள். வீட்டில் தொலைக்காட்சி பழுதாகியிருந்தது, பாடம் காணத்தக்க கைபேசியும் இல்லை, அதனால் அவள் மனம் உடைந்திருந்தாள் என்று குடும்பத்தார் கூறினர். இவ்வசதி இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேர் என அந்நாளில் கணக்கிட்டிருந்தனர். பின்னர் படிப்பகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிகள் வைக்கப்பெற்றன; பலரும் கைபேசிகளை வழங்கினர். திரைவழிக் கல்வியைப் புகழ்ந்து எழுதும் எவரும் அச்சிறுமியை மறந்து எழுதுதல் கூடாது என்பது நம் கருத்து.

நம் ஞாயிறு வகுப்பும் அந்தச் சூன் திங்களிலேயே சூம் திரைக்கு மாறிற்று. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு அது 40 நிமிடத்தில் தானே முடிந்துவிடும். ஆசிரியர் சிலர் அதனைக் குறை என்றனர். குழந்தைகள் அருள் என்றனர். திரையில் பத்தொன்பது சதுரங்கள் தெரியும். அவற்றுள் பதினொன்று கறுத்திருக்கும். ஆசிரியர் பாடத்தைப் படிப்பார், பொருள் கூறுவார், முடிவில் "விளங்கிற்றா?" என்பார். கறுத்த சதுரம் ஒன்றிலிருந்து விடை வரும்: "ம்."

நம் வகுப்பில் கற்பிக்கும் அம்மையார் ஒருவர் உளர். பள்ளியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவர் ஒருநாள் கூறினார்: "நாம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை நமக்கே தெரியும். நமக்கு விடை தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்பவரிடம் யார்தாம் மனமுவந்து பேசுவார்?" அச்சொல் நம்மைச் சிந்திக்கச் செய்தது. பேச்சு என்பது ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லாதபோது பிறப்பது. கடைக்காரருக்கு விலை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் இருவரும் பேசுகின்றனர். வகுப்பறையில் அந்த இல்லாமையை எவ்வாறு உண்டாக்குவது? ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நடிக்கச் செய்வதே வழி என்றார் அம்மையார்.

நடித்துக் கற்றல் என்பது புதுமையன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்சு நகரத்துப் பெர்சு பள்ளியில் கால்டுவெல் குக் என்னும் ஆசிரியர் ஆங்கில இலக்கியத்தை மாணவரே நடித்துக் கற்குமாறு செய்து, 1917-இல் அதனை விளக்கி நூலும் எழுதினார். பின்னர் வந்த டாரதி ஹீத்கோட் என்னும் அம்மையார் (1926–2011) இளமையில் நெசவாலையில் வேலை செய்தவர். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்க்கு ஆசிரியராக விளங்கியவர். ஆசிரியர் வகுப்பிற்கு வெளியே நின்று 'நீ இதனை நடி' என்று ஏவாமல், தாமும் ஒரு பாத்திரமாக உள்ளே புகுதல் வேண்டும் என்பது அவர் கண்ட முறை. அதிலும் அறிந்தவராகப் புகாமல், உதவி தேடி வருபவராகப் புகுந்தால் குழந்தைகள் தாமே அறிந்தவராகிவிடுகின்றனர். இந்நுட்பம் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்பட்டது.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே வெஞ்ஞாறமூட்டிற்கு அருகில் ஆலுந்தறை என்னும் சிற்றூரில் 'ரங்கப்ரபாத்' என்னும் சிறுவர் நாடக அரங்கு 1970 முதல் இயங்கி வருகின்றது. கொச்சுநாராயண பிள்ளை என்னும் ஆசிரியர், நாடக அறிஞர் ஜி. சங்கரப் பிள்ளையின் ஊக்கத்தால் அதனைத் தொடங்கினார். அச்சங்கரப் பிள்ளைக்கும் தமிழ் நாடகத்திற்கும் உறவு உண்டு. 1977-இல் காந்திகிராமத்தில் செ. இராமானுசத்தோடு சேர்ந்து அவர் நடத்திய பயிற்சிப் பட்டறையிலிருந்தே இற்றைத் தமிழ் நாடகத்தின் பல கிளைகள் தளிர்த்தன. அதற்கும் முன்னே, இந்நகரக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தைத் தமிழர் எவரும் மறவார். அது மேடையில் ஆடப்பெற்றதைவிட வீட்டிலும் வகுப்பிலும் படிக்கப்பெற்றதே மிகுதி. மேடையின்றியும் நாடகம் வாழும் என்பதற்கு நம் ஊர் ஆசிரியரே சான்று தந்துவிட்டார்.

பெற்றோர்க்கு இதனை எடுத்துரைப்பதில் ஒரு தடை இருந்தது. கேரளத்தில் பள்ளி நாடகம் என்றால் கலோத்சவம். கலோத்சவம் என்றால் ஒப்பனை, நடுவர், பரிசு, பரிசு கிடைக்காதபோது மேல்முறையீடு. "எந்த மேடை? எப்போது போட்டி?" என்றே தாய்மார் கேட்டனர். மேடையும் இல்லை, பார்ப்போரும் இல்லை, பரிசும் இல்லை என்றவுடன் சிலருக்கு ஆர்வம் குன்றிற்று. ஓர் தந்தையார், "இது விளையாட்டா, வகுப்பா?" என்று சற்றுக் கடுமையாகவே வினவினார். வந்து பாருங்கள் என்று மட்டும் கூறினோம்.

முதலில் எடுத்துக்கொண்டது சாலைக் கடைத்தெரு. திவான் இராசா கேசவதாசர் காலத்தில் தோன்றி இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்த அங்காடி அது. அங்கே கடை வைத்திருந்தவாறே கதை எழுதிய ஆ. மாதவனால் தமிழ் இலக்கியத்திலும் இடம்பெற்றது. நம் குழந்தைகள் பலரும் தந்தையின் கைபிடித்து நடந்த தெரு. ஊரடங்கில் அங்குச் செல்ல இயலாதிருந்தமையால் அதன்மேல் ஏக்கமும் இருந்தது.

செய்முறை எளிதே. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு குறிப்பை வாட்ஸ்அப்பில் தனியே அனுப்புவோம். ஒருவர் குறிப்பை மற்றவர் காணல் ஆகாது. கடைக்காரச் சிறுவனின் குறிப்பில், 'உன் கடையில் உளுந்து தீர்ந்துவிட்டது. பாசிப்பருப்பு நிறைய உண்டு. எதிரே வருபவர் 140 ரூபாய் பாக்கி தரவேண்டும்' என்றிருக்கும். வாங்க வருபவளின் குறிப்பில், 'நாளை வீட்டிற்கு விருந்தினர் வருகின்றனர். இட்டலிக்கு உளுந்து கட்டாயம் வேண்டும். கையில் 300 ரூபாய் மட்டுமே உண்டு' என்றிருக்கும். எழுதிக்கொடுத்த உரையாடல் ஒரு வரியும் இல்லை. திரையில் இருவரும் எதிர்ப்படுவர். இனி அவர்கள் பாடு.

"அண்ணாச்சி, உளுந்து இருக்கா?" என்றாள் ஒரு சிறுமி. கடைக்காரனாக அமர்ந்திருந்தவன் பத்து வயதுச் சிறுவன். நம் வகுப்பில் ஈராண்டாகப் பயின்றும் ஒரு முழுத் தொடரைத் தானே பேசியறியாதவன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பின், "இல்லை. பாசிப்பருப்பு கொண்டு போ" என்றான். "பாசிப்பருப்பில் இட்டலி வருமா?" என்று அவள் சினந்தாள். "வரும், வரும். பச்சையா வரும்" என்றான் அவன். கறுத்திருந்த சதுரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெற்றன. பழைய பாக்கியை அவன் கேட்கத் தொடங்கியபோது 40 நிமிடம் முடிந்து திரை அணைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குமுன்பே அவன் வந்து காத்திருந்தான். அந்த 140 ரூபாய் அவனுக்கு வரவேண்டியிருந்தது.

திருத்தம் பற்றி ஒரு சொல். நடிப்பின் இடையே எவரும் திருத்துதல் ஆகாது என்பதை விதியாகக் கொண்டோம். வெந்தயத்தை 'உலுவா' என்றால் கடைக்காரன் உலுவா கொடுப்பான். முடிவில் சொற்களையெல்லாம் தொகுத்து எழுதிப் பார்ப்போம். ஒரு சிறுமி 'உள்ளி' என்றபோது, அது மலையாளம், வெங்காயம் எனல் வேண்டும் என்றார் ஒருவர். நாஞ்சில் நாட்டில் நம் பாட்டிமார் இன்றும் உள்ளி என்றே வழங்குகின்றனர். அஃது நம் சொல்லும் ஆகும். அதனை அவள் நாவினின்று பறிப்பது எந்தத் தமிழுக்கு ஆக்கம்? மற்றொரு நாள் ஒரு சிறுவன், "வெள்ளம் வேணும், தொண்டை வறளுது" என்றான். தமிழில் வெள்ளம் என்பது ஆற்றில் பெருகி ஊரை அழிப்பதன்றோ? பேரனுக்குத் துணையாக அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிறுவன் அன்று முழுவதும் பேசவில்லை. அன்று முதல் பெரியவர்களின் ஒலிவாங்கியை அடைத்துவைப்பதும் வகுப்பின் விதியாயிற்று.

முகம் காட்ட நாணும் குழந்தைகளை வற்புறுத்துவதில்லை. வானொலி நாடகத்தில் முகம் எங்கே தெரிகின்றது? குரலை மட்டும் கொடுத்து மூன்று வாரம் நடித்த ஒருத்தி நான்காவது வாரம் தானே திரையைத் திறந்தாள். தலையில் துண்டைக் கட்டி, காதில் பென்சிலைச் செருகி, முழு அண்ணாச்சியாக விளங்கினாள்.

இம்முயற்சியைக் கேள்வியுற்று, வேறு ஊர்களில் நம்மைப்போல் ஞாயிறு வகுப்பு நடத்தும் தமிழாசிரியர் பதினால்வர் 2021-இன் தொடக்கத்தில் ஒரு மாலை இணையவழிக் கூடினர். நம் வகுப்பு முறையை அரைமணி நேரம் விளக்கியுரைக்குமாறு கேட்டனர். சொற்பொழிவு வேண்டா, நடித்தே காட்டுவோம் என்றார் நம் அம்மையார். அவர் ஆசிரியராகவே இருந்தார், மற்றவரெல்லாம் குழந்தைகளாயினர். ஒவ்வொருவர்க்கும் குறிப்புச் சென்றது. 'உனக்குத் தமிழ் நன்கு விளங்கும். பேசினால் பக்கத்து அறையிலிருந்து அண்ணன் சிரிப்பான்.' 'உன் பின்னால் மிக்சி ஓடுகின்றது. ஒலிவாங்கியைத் திறக்க வெட்கம்.' 'உனக்கு எல்லா விடையும் தெரியும், பிறரைப் பேசவிடாதே.' மற்றொன்று: 'வீட்டில் ஒரே கைபேசி, பத்தாவது நிமிடத்தில் அப்பா அதனை வேலைக்கு எடுத்துச் செல்வார். யாரிடமும் சொல்லாமல் போய்விடு.'

கடைசிக் குறிப்பைப் பெற்றவர் முப்பது ஆண்டு ஆசிரியப் பணி ஆற்றியவர். குழந்தையாக மிக நன்றாக நடித்தார். கடையில் என்ன வாங்கவேண்டும் என்று ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தவர், குறிப்பின்படி பத்தாவது நிமிடத்தில் மறைந்தார். நடிப்புத் தொடர்ந்தது. எல்லாம் தெரிந்த குழந்தை விடைகளைப் பொழிந்தது; மிக்சி வீட்டார் மௌனமாக இருந்தார்; மற்றவர் சிரித்து மகிழ்ந்தனர். கால்மணி நேரம் சென்று அவர் மீண்டும் இணைந்தார். "நான் போனது யாருக்கும் தெரியவில்லையே" என்றார். குரலில் நடிப்பு இல்லை. தெரியவில்லைதான். ஆசிரியராக நடித்த அம்மையாரும் கவனித்திருக்கவில்லை. குறிப்பை எழுதியவர் அவரே.

பதினால்வரும் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பிறகு எழுந்த உரையாடல் நாம் கேட்ட கல்வி மாநாடுகள் பலவற்றினும் பயனுடையது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் வகுப்பில் குழந்தை இருப்பதும் வேறு வேறு. திரையில் ஒரு சதுரம் மறைந்தால் மற்றச் சதுரங்கள் நகர்ந்து அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன. வகுப்பறையிலாவது ஒரு பெஞ்சு வெறுமையாய்த் தெரியும். அன்று இரண்டு முடிவுகள் செய்தோம். ஒன்று, பாத்திரங்களை அமைக்கும்போதே, ஒருவர் இல்லையெனில் கதை நின்றுவிடுமாறு அமைத்தல். சந்தைக்குச் செல்பவளிடம் பட்டியல் இருந்தால் பணம் மற்றொருத்தியிடம். கடையின் திறவுகோல் மூன்றாமவனிடம். எவர் மறைந்தாலும் மற்றவர் தேடுவர். இரண்டாவது, தந்தை கைபேசியை எடுத்துச் செல்லும் வீடுகளின் பொருட்டு வகுப்பை மாலை ஏழு மணிக்கு மாற்றுதல். துணி தேய்க்கும் தொழிலாளர் குடும்பத்து உடன்பிறப்புகள் இருவர் இந்த மாற்றத்தினாலேயே மீண்டும் வகுப்பிற்கு வந்தனர். அதற்கும் இயலாதவர்கள் தம் பங்கைக் குரற்பதிவாக அனுப்பினர். ஒரு கடிதம் வந்ததுபோல் அதனை நடிப்பிற்குள் திறந்து கேட்போம்.

2021 நவம்பர் முதல் நாளன்று கேரளத்துப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. நம் வகுப்பும் படிப்படியாகக் கூடத்திற்குத் திரும்பிற்று. அத்தோடு சூமை மூடிவிடலாம் என்றே பலரும் எண்ணினர். மூடாதிருக்கக் காரணம் ஓர் ஆச்சி.

தம்பானூர் இரயில் நிலையத்தைக் களமாக வைத்து ஒரு நடிப்பை அமைத்திருந்தோம். குமரி, நெல்லை, தென்காசி மாவட்டங்களிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் புற்றுநோய் மையத்திற்கும் சிறீசித்திரா மருத்துவ நிலையத்திற்கும் நம்மவர் நாள்தோறும் வந்திறங்குவதை அறிவீர்கள். மலையாளம் அறியாத மூதாட்டி ஒருத்தி தனியே வந்து இறங்குகின்றாள். குழந்தைகள் வழிகாட்ட வேண்டும். ஹீத்கோட் அம்மையார் கூறிய முறையில், உதவி தேடி வரும் அப்பாத்திரத்தை ஆசிரியர் ஏற்பதாக இருந்தது. அன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்பது வயது மாணவி ஒருத்தியின் தாய், "என் மாமியார் தென்காசியில் சும்மாதான் இருக்கிறார்கள், கூப்பிடட்டுமா?" என்றார்.

ஆச்சி திரையில் தோன்றினார். முதலில் நெற்றியும் மேற்கூரையும் மட்டும் தெரிந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் கைபேசியை நிமிர்த்தி வைத்தான். அவருக்கு நடிப்பு என்பதே விளங்கவில்லை. ஆதலால் நடிக்கவும் இல்லை. தமக்கு உண்மையில் தெரியாதவற்றையே கேட்டார். "ரயிலடியிலிருந்து ஆசுபத்திரிக்கு எப்படிப் போகணும்?" "பஸ்ஸில போர்டு தமிழ்ல இருக்குமா?" "அங்கே டோக்கன் எங்க வாங்கணும்?" பேத்தி முதலில் தாயைப் பார்த்தாள். தாயின் ஒலிவாங்கி விதிப்படி அடைக்கப்பட்டிருந்தது. வேறு வழியில்லை. "வெளியே வந்தா எதிரே பஸ் ஸ்டாண்டு இருக்கு ஆச்சி. போர்டு மலையாளத்தில இருக்கும், உங்களுக்கு வாசிக்க முடியாது. கண்டக்டர்கிட்ட மெடிக்கல் காலேஜ்னு சொன்னாப் போதும்" என்றாள். நடுவில் இரண்டு சொல் மலையாளம் வந்தது. "அப்படின்னா?" என்றார் ஆச்சி. குழந்தை நின்று, தேடி, தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துக் கூறினாள். திருத்துவார் ஒருவரும் இல்லை. ஆச்சிக்கு விளங்கவில்லை, ஆதலால் விளங்கச் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே.

கூடத்தில் நடக்கும் வகுப்பு எத்துணை நன்றாக இருப்பினும், அங்கே உள்ள அனைவர்க்கும் மலையாளம் தெரியும். ஆசிரியர்க்குத் தமிழில் சொன்னாலும் விளங்கும், மலையாளத்தில் சொன்னாலும் விளங்கும் என்பதைக் குழந்தை அறியும். தமிழன்றி வேறொன்றும் அறியாத ஒருவரை இந்நகரத்து வகுப்பறைக்குள் கொணர்ந்து அமர்த்தத் திரை ஒன்றினால்தான் முடிந்தது. வகுப்பறைக்கு மாற்றாக வந்த கருவி என்றே அதனை எல்லாரும் கருதினோம். வகுப்பறையால் இயலாத ஒன்றும் அதனிடம் உண்டு என்பதைத் தென்காசி ஆச்சி அறியாமலே காட்டித் தந்தார்.

அதன்பின் ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிறு வகுப்பைத் திரையிலேயே வைத்துக்கொண்டோம். தாத்தாக்களும் ஆச்சிகளும் அத்தைமாரும் தத்தம் ஊரிலிருந்து வருகின்றனர். நெல் விற்க வந்த விவசாயியாக ஒரு தாத்தா, மூட்டை தூக்கும் கூலியில் சிறுவனிடம் ஒரு ரூபாயும் விட்டுக்கொடாமல் பேரம் பேசினார். வாழ்நாளில் பள்ளிக்கூட வாயிலை மிதியாத ஒரு மூதாட்டி, தமக்குக் கடிதம் படித்துக் காட்டும்படி கேட்டபோது, வாசிக்கத் தடுமாறிய சிறுவன் அடுத்த வாரத்திற்குள் அக்கடிதத்தைப் பலமுறை படித்துப் பழகி வந்தான். தென்காசி ஆச்சியின் மருமகள் அண்மையில் ஒரு செய்தி கூறினார். மாலையில் வரும் தொலைபேசி இப்போது உடனே தம் கைக்கு வருவதில்லையாம். "ரெண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, எனக்குக் கிடைக்கிறதுக்குள்ள அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது" என்று குறைபட்டுக்கொண்டார்.

இம்முறையால் ஆகாதனவும் உள. எழுத்துப் பிழை இதனால் குறையவில்லை. ல, ழ, ள வேறுபாடும் ர, ற வேறுபாடும் தனியே கற்பித்தே தீரவேண்டும். பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளைகள் நடிக்க இசைவதில்லை. கடைக்காரனாக இருக்கச் சொன்னால் தோளைக் குலுக்குகின்றனர். அவர்களைச் சிறியவர்களுக்குக் குறிப்பு எழுதித் தருபவராக்கிப் பார்க்கின்றோம். இருவர் மட்டும் எழுதுகின்றனர், அவற்றிலும் ஒருவர் எழுதுவது ஆங்கில எழுத்தில். செவிப்புலன் குன்றிய முதியோர்க்குத் திரைப்பேச்சு துன்பமாகவும் இருக்கின்றது. சிற்றூர்களில் இணையம் நடுவே அறுந்து, பேரம் பாதியில் நிற்பதும் உண்டு.

வரும் திங்கள் முதல் ஞாயிறன்று, குடியிருக்க வீடு தேடுதல் களமாக அமைகின்றது. ஊரிலிருந்து புதிதாக வந்து வாடகைக்கு வீடு கேட்பவர்களாக இரு முதியவர்கள் தேவைப்படுகின்றனர். மலையாளம் தெரியாதிருத்தல் வேண்டும். குழந்தைகளின் பேச்சைத் திருத்தாதிருத்தல் அதனினும் வேண்டும். நடிக்கத் தெரியவேண்டிய தேவையில்லை. மாலை ஏழு மணிக்குக் கைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொடுக்க அவர்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். பெயரைச் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.